யாழ்ப்பாணத்து இடதுசாரி வரலாறும் கட்சி விலக்குக் கொள்கையும்: ஒரு மறுப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் இடதுசாரி அரசியலைப் பற்றி எழுதுவோரிடையேயும் பேசுவோரிடையேயும் அண்மைக் காலத்தில் ஏறத்தாழ விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மையாக ஏற்கப்பட்டுவிட்ட கருத்தொன்று உண்டு. தொழிலாளரும் ஒடுக்கப்பட்டோரும் கட்டியெழுப்பிய அமைப்புகள் எப்போதெல்லாம் ஒரு கட்சியின் செல்வாக்குக்கு உட்பட்டனவோ அப்போதெல்லாம் அக்கட்சியின் தேவைகளுக்குப் பலியாகின என்றும், ஆதலால் இனி எழும் இயக்கங்கள் எந்தக் கட்சியையும் அண்டவிடாத சங்கங்களாகவும் கூட்டுறவுகளாகவும் ஊர்மட்ட அமைப்புகளாகவும் மட்டுமே இருக்கவேண்டும் என்றும் அக்கருத்து கூறுகிறது. 2022ஆம் ஆண்டு கொழும்பு காலிமுகத்திடலில் பாராளுமன்ற உறுப்பினர் 225 பேரும் வேண்டாம் என்று எழுந்த முழக்கம் இதற்குப் புதிய வலுவைத் தந்தது. ‘கட்சி விலக்கு’ என்று இங்கே அழைக்கப்படும் இக்கொள்கை நேர்மையான கசப்பிலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் தான் சான்றாகக் காட்டும் வரலாற்றையே அது பிழையாக வாசிக்கிறது. அப்பிழையான வாசிப்பு யாழ்ப்பாணத்து உழைக்கும் மக்கள் தமக்கெனப் பெற்றிருந்த மிகச் சிறந்த அனுபவத்தை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது.

அக்கொள்கையின் வலுவான பகுதியை முதலில் முழுமையாக ஒப்புக்கொள்வது அவசியம். 1963ஆம் ஆண்டு இலங்கையின் இடதுசாரித் தொழிற்சங்கங்கள், தமது கட்சிகளுக்கிடையிலான பகைமைகளை ஒதுக்கிவைத்து, 21 கோரிக்கைகளை முன்வைத்து ஒன்றுபட்டன. நாட்டின் தொழிலாளர் வரலாற்றில் அதற்கு முன்போ பின்போ அத்தகைய அகன்ற ஒற்றுமை கண்டதில்லை. அந்த ஒற்றுமை 1964 யூன் மாதத்தில் குலைந்தது. லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் சேர்ந்து, என்.எம். பெரேரா நிதியமைச்சரானபோது, அக்கட்சியின் பிடியிலிருந்த சங்கங்களுக்குத் தமது சொந்தக் கோரிக்கைகளுக்காகத் தமது சொந்த அமைச்சரை எதிர்க்கும் நிலை உண்டாயிற்று, கோரிக்கைகளே கைவிடப்பட்டன. 1966 யனவரி 8ஆம் திகதி, தமிழ் மொழிப் பயன்பாட்டுக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்து, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து சமசமாஜக் கட்சியும் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியும் தமது தொழிலாளரைத் தெருவில் இறக்கின. பத்தாண்டுகளுக்கு முன்னர், 1956இல், தனிச் சிங்களச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் உறுதியோடு எதிர்த்து நின்றவையும் இதே இடதுசாரிக் கட்சிகள்தாம். 1970இல் மீண்டும் அமைச்சரவையில் அமர்ந்த சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாவே, சிறுபான்மையினருக்கு முன்பிருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பை நீக்கிச் சிங்களத்தையும் பௌத்தத்தையும் மேலுயர்த்திய 1972ஆம் ஆண்டு யாப்பை வரைவதற்குப் பொறுப்பானார். அதே ஆண்டு வங்கி ஊழியர் மேற்கொண்ட நீண்ட வேலைநிறுத்தத்தை முறியடித்த நிதியமைச்சரும் ஒரு தொழிற்சங்கத் தலைவரே.

இவற்றில் எதையும் குறைத்துப் பேச இடமில்லை. தமிழ்த் தொழிலாளி ஒருவர் 1972இல் தமது சங்க அட்டையைக் கிழித்தெறிந்திருந்தால் அவரைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் இந்த நிகழ்வுகள் அனைத்திலும் பொதுவாக இருப்பது எது என்று கேட்டாகவேண்டும். கட்சி விலக்குக் கொள்கையினர் ‘கட்சி’ என்று விடை கூறுகின்றனர். நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அமைச்சுப் பதவியை அடைவதற்கோ தக்கவைப்பதற்கோ ஆளும் வர்க்கக் கட்சியொன்றோடு செய்துகொண்ட கூட்டே அவற்றில் எல்லாம் காணப்படுகிறது. கட்சியாக அமைவதும் அரசாங்கக் கூட்டில் கட்டுண்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காண்பதிலேயே கட்சி விலக்கு வாதத்தின் முழுப் பிழையும் அடங்கியிருக்கிறது. இதற்கான சான்று தொலைவில் இல்லை, அதே 1966ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. யனவரியில் கொழும்பில் தமிழுக்கு எதிராக ஊர்வலம் சென்றவை இடதுசாரிக் கட்சிகள். ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிராகப் புறப்பட்டு, பொலிசாரின் தாக்குதலையும் மீறி முன்சென்ற ஊர்வலத்தை ஒழுங்கு செய்ததும் ஓர் இடதுசாரிக் கட்சியே. நா. சண்முகதாசன் தலைமையில் 1964இல் பிரிந்த பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியான அதற்குக் காப்பாற்றவேண்டிய அமைச்சு எதுவும் இருக்கவில்லை.

அவ்வூர்வலத்தின் பொருளை உணர்வதற்கு யாழ்ப்பாணத்துத் தொழிலாளி வர்க்கத்தின் தன்மையைச் சற்று விரிவாக நோக்கவேண்டும். தென்னிலங்கைத் துறைமுகத்தையோ மலையகத் தோட்டங்களையோ போன்று ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் கூலிக்கு உழைக்கும் நிலை குடாநாட்டில் ஒருபோதும் இருந்ததில்லை. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் ஆனையிறவு உப்பளமும் விதிவிலக்குகள். எஞ்சியோர் புகையிலை, வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குத் தண்ணீர் இறைத்தோரும் மண் கொத்தியோரும், பனையிலும் தென்னையிலும் ஏறிய சீவல் தொழிலாளரும், சுருட்டுக் கொட்டில்களில் அமர்ந்து சுருட்டுச் சுற்றியோரும், கடற்றொழிலாளரும், லொறி, பஸ் ஊழியரும், இவர்களோடு ஆசிரியரும் எழுதுவினைஞருமாகவே இருந்தனர். சுருட்டுத் தொழிலில் சங்கம் அமைப்பது மற்றையவற்றைவிட எளிதாயிருந்தது. பலர் ஒரே கூரையின்கீழ் உழைத்தனர், ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்யும் வழக்கமும் அங்கே இருந்தது. ஆனால் தோட்டக்கூலிக்கும் மரமேறுபவருக்கும் வேலை கொடுப்பவர், காணி தந்தவர், கிணற்றுக்கு உரிமை கொண்டாடுபவர், கோயிலின் வாசலில் நிற்பவர், தேநீர்க்கடையின் முதலாளி என்ற எல்லாரும் பெரும்பாலும் ஒரே ஊரின் ஒரே சாதிக்குள் அடங்கினர். கூலி கூட்டிக் கேட்டவரின் குடும்பம் மறுநாளே கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாமற்போகும் நிலை இருந்தது. சாதி அடக்குமுறையும் கூலி அடக்குமுறையும் இங்கே ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருக்கவில்லை. ஒன்றின் வழியாகவே மற்றது இயங்கியது.

இந்த நிலைமையில், கூலி, வேலைநேரம், விடுமுறை ஆகியவற்றை மட்டும் தனது விடயமாகக் கொள்ளும் தூய தொழிற்சங்கம் எவ்வளவு சுயாதீனமாக இருந்தாலும், தன் உறுப்பினரின் வாழ்வை நெரிக்கும் கயிற்றைத் தொடவே முடியாது. சீமெந்துத் தொழிற்சாலைச் சங்கத்துக்கு மாவிட்டபுரம் கோயில் கதவு ஒரு தொழிற்பிணக்கு அல்ல. சுருட்டுத் தொழிலாளரின் சங்கத்துக்குச் சங்கானைத் தேநீர்க்கடையில் வேறாக வைக்கப்பட்ட குவளை ஒரு சம்பளப் பிரச்சினை அல்ல. இவற்றை ஒரே போராட்டத்தின் பகுதிகளாகக் காண்பதற்குத் தொழிலின் எல்லையையும் ஊரின் எல்லையையும் கடந்த ஒரு பார்வையும், அப்பார்வையைப் பல ஆண்டுகள் சுமந்து திரியும் அமைப்பும் தேவைப்பட்டன. அத்தகைய அமைப்பையே மார்க்சிய மரபு கட்சி என்று அழைக்கிறது.

இதற்கு மறுமொழியாக, கட்சிகள் வருவதற்கு முன்பே ஒடுக்கப்பட்டோர் தமக்கெனச் சங்கங்கள் அமைத்திருந்தனர் என்று சுட்டிக்காட்டப்படுவது உண்டு. அது உண்மை, பெருமைக்குரிய உண்மையுங்கூட. 1927இல் யோவேல் போல் முதலானோர் அமைத்த ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கமும், பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட மாணவருக்கும் வாங்கில் சம ஆசனம் வேண்டும் என்று அக்காலத்தில் எழுந்த கோரிக்கையும், 1940களின் தொடக்கத்தில் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் எந்தக் கட்சியின் கட்டளைக்கும் காத்திருந்து பிறந்தவையல்ல. (சிறுபான்மைத் தமிழர் என்ற பெயர், பஞ்சமர் என ஒதுக்கப்பட்ட ஐந்து சாதியினர் தம்மைக் குறிக்கத் தெரிந்தெடுத்தது.) ஆயினும் இவ்வமைப்புகளின் முதன்மையான கருவி விண்ணப்பம். ஆளுநருக்கும் ஆணைக்குழுக்களுக்கும் அமைச்சர்களுக்கும் அவை மனுக் கொடுத்தன. பாடசாலைகள், நியமனங்கள், இறுதியில் ஒரு சட்டம் என்று பலவற்றை அவை வென்றெடுத்தன. சாதியின் பெயரால் ஒருவரைக் கடைக்குள்ளோ கோயிலுக்குள்ளோ விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அவ்வெற்றிகளில் தலையாயது. அச்சட்டம் நிறைவேறி ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் தேநீர்க்கடைகளின் வழக்கம் மாறவில்லை. மகாசபையின் தலைவர்களின் தியாகத்தை இது எவ்விதத்திலும் சிறுமைப்படுத்தாது. ஆனால் கட்சியற்ற அமைப்பு எட்டக்கூடிய எல்லை எது என்பதை அந்த ஒன்பது ஆண்டுகள் காட்டின.

தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அந்த எல்லையைக் கடந்தது எவ்வாறு என்பதே இவ்விவாதத்தின் மையம். வெகுஜன இயக்கம் என்பது கட்சி உறுப்புரிமை இல்லாதவர்களும் ஒரு குறித்த கோரிக்கையில் உடன்பட்டால் சேரக்கூடிய அமைப்பு. 1966 ஊர்வலத்தின் பின் உருப்பெற்ற இவ்வியக்கத்தின் தலைமையில் எஸ்.ரி.என். நாகரத்தினமும் எழுத்தாளர் கே. டானியலும் இருந்தனர், கட்சியின் வட பிரதேசப் பொறுப்பில் இருந்த கே.ஏ. சுப்பிரமணியம் அதன் பின்னணியில் உழைத்தார். நிச்சாமம், கன்பொல்லை போன்ற கிராமங்களில் போராட்டத்தை நடத்தியவர்கள் அக்கிராமங்களின் மக்களே. வீடுகள் எரிக்கப்பட்டபோதும் துப்பாக்கிகள் நீட்டப்பட்டபோதும் தம்மைக் காக்கத் திருப்பித் தாக்குவதா, எப்போது, எவ்வாறு என்று முடிவு செய்யவேண்டியிருந்தவர்கள் அவர்களே; கொழும்பிலிருந்து எந்த மத்திய குழுவும் அதனைத் தீர்மானித்திருக்க முடியாது. அதேவேளை, ஒரு கிராமத்தின் மீதான தாக்குதலை அடுத்த கிராமம் தன்மீதான தாக்குதலாக எண்ணும்படி செய்ததும், சாதியில் உயர்ந்தவராகக் கருதப்பட்ட குடும்பங்களிலிருந்து ஆசிரியரையும் மாணவரையும் தொழிற்சங்க ஊழியரையும் ஒடுக்கப்பட்டோரின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியதும், இலங்கைத் தொழிற்சங்க சம்மேளனத்தின் ஊடாகச் சிங்களத் தொழிலாளரிடையே இப்போராட்டத்துக்கு ஆதரவு தேடியதும் கட்சியே. உயர்சாதி எனப்பட்டோரில் ஒரு பகுதியினர் தம் சொந்த உறவினரை எதிர்த்து நின்றது, இவ்வியக்கம் இரு சாதிகளுக்கிடையிலான கலவரமாகச் சுருங்கிவிடாமல் காத்த முதன்மையான காரணி. பொதுவான அரசியல் நம்பிக்கையொன்று இல்லாத இடத்தில் அவர்களை அங்கே கொண்டுவந்திருக்கக்கூடியது எதுவும் இல்லை.

1968ஆம் ஆண்டு போராட்டம் உச்சத்தை அடைந்தது. சங்கானையில் தேநீர்க்கடைப் பிரவேசம் உயிர்ப்பலிகளோடு நடந்தது; சங்கானை ஷங்காயாகிவருகிறது என்ற அச்சம் பாராளுமன்றம் வரை ஒலித்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் யூன், யூலை மாதங்களில் சத்தியாக்கிரகம் நடைபெற்றபோது, முன்னாள் அமைச்சரும் கணித அறிஞருமான சி. சுந்தரலிங்கம் வாசலை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கினார். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. பதினோராண்டுகளாகக் காகிதத்தில் உறங்கிய சட்டத்துக்கு உயிர் கொடுத்தது வாசலில் அமர்ந்திருந்த மக்களே என்பதையும், அவர்களை அங்கே அமர்த்தியது விண்ணப்பம் அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். தமிழரின் தலைமைக் கட்சியாக விளங்கிய தமிழரசுக் கட்சி அப்போது டட்லி சேனநாயக்காவின் தேசிய அரசாங்கத்தில் பங்காளியாக இருந்தது. தமிழ் மக்களின் ஒற்றுமையைப் பேசிய அக்கட்சி, அம்மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியினர் எனப் பொதுவாக மதிப்பிடப்பட்டோரின் மனித மதிப்புக்கான போராட்டத்தில் தயங்கி ஒதுங்கி நின்றது. அப்போராட்டத்தின் விளைவாகக் குடாநாட்டின் தேநீர்க்கடைகள் பெருமளவில் திறந்தன, கோயில்கள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கின, 1971இல் சட்டத்தின் தண்டனைகளும் கடுமையாக்கப்பட்டன.

இவ்வரலாற்றைக் கட்சி விலக்குக் கொள்கையினர் இரு வழிகளில் எதிர்கொள்கின்றனர். அது தன்னியல்பான மக்கள் எழுச்சி என்றும் கட்சி பின்னர் அதற்கு உரிமை கோரியது என்றும் ஒரு சாரார் கூறுவர். தன்னியல்பு என்பது முன்கூட்டிய திட்டமும் அமைப்பும் இன்றி மக்கள் கிளர்ந்தெழுவதைக் குறிக்கும். கோபம் தன்னியல்பானதுதான், அது பல தலைமுறைகளாக இருந்துவந்தது. ஆனால் குறித்த நாளில் குறித்த வழியாக ஊர்வலம் செல்வதும், கடைப் பிரவேசத்தை ஊர் ஊராகத் திட்டமிடுவதும், கைதானோருக்கு வழக்குரைஞரைத் தேடுவதும், எரிந்த வீடுகளுக்கு நிதி சேர்ப்பதும் தாமாக நிகழ்ந்துவிடுபவை அல்ல. 1940களின் நடுப்பகுதியிலிருந்து மு. கார்த்திகேசனும் அ. வைத்திலிங்கமும் பொன். கந்தையாவும் வகுப்பறைகளிலும் வாசிகசாலைகளிலும் கட்டிய அரசியற் கல்வி இல்லாமல், 1966இல் அந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் நிற்பதற்கு ஆட்கள் கிடைத்திருக்கமாட்டார்கள். 1956இல் பருத்தித்துறைத் தொகுதி பொன். கந்தையாவைக் கம்யூனிஸ்டாகவே பாராளுமன்றத்துக்கு அனுப்பியது என்பதும் அந்த நீண்ட உழைப்பின் ஒரு விளைவே.

மற்றைய சாரார் கூறுவது கூடுதல் கவனத்துக்கு உரியது. இயக்கம் கட்சியின் கையில் இருந்ததால்தான், கட்சி பிளவுபட்டபோது அதுவும் தளர்ந்தது என்பது அவர்களின் வாதம். மக்கள் விடுதலை முன்னணியின் 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் தமக்குப் பங்கில்லாதபோதும் சண்முகதாசன் சிறைவைக்கப்பட்டதும், அதைத் தொடர்ந்த உட்கட்சிப் பூசல்களும், 1978இல் கே.ஏ. சுப்பிரமணியம் தலைமையிலானோர் தனிக் கட்சியாகப் பிரிந்ததும் இயக்கத்தைப் பாதித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இயக்கம் தளர்ந்ததற்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு, அது கட்சி விலக்குக் கொள்கைக்கு முற்றிலும் எதிர்த்திசையில் சுட்டுகிறது. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்தலும் 1972 யாப்பும் யாழ்ப்பாணத்து இளைஞரைத் தேசிய ஒடுக்குமுறை என்ற ஒரே கேள்வியை நோக்கித் தள்ளியபோது, சாதிப் போராட்டத்தில் அத்தனை துணிவோடு முன்சென்ற கட்சி அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தரவில்லை. 1944இலேயே தமிழரின் சுயநிர்ணய உரிமையை, அதாவது ஒரு தேசிய இனம் தன் அரசியல் எதிர்காலத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை, ஏற்றிருந்த கம்யூனிஸ்ட் மரபின் வாரிசுகள் முப்பது ஆண்டுகளின் பின் அதனைப் பிரதான பிரச்சினையாகக் கருத மறுத்தனர். பாராளுமன்றப் பாதையை நிராகரித்ததில் அவர்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தபோதிலும், தேர்தல் களத்தை முழுவதும் பிறரிடம் விட்டுவிட்டதன் விலையும் பெரிதாயிருந்தது. 1976 மே 14இல் தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியபோது, நிச்சாமத்திலும் கன்பொல்லையிலும் போராடியவர்களின் குரல் அந்த மேடையில் தனித்து ஒலிக்க வழியிருக்கவில்லை. கட்சி மிகையாக இருந்ததால் ஏற்பட்ட தோல்வி அல்ல இது. மிக முக்கியமான கேள்வியில் கட்சி தன் கடமையைச் செய்யாததால் ஏற்பட்டது.

மொஸ்கோ சார்புப் பிரிவினரின் அனுபவம் இதன் மறுபக்கம். மகாசபையின் தலைவர் எம்.சி. சுப்பிரமணியம் 1970இல் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட இளைஞர் சிலருக்கு அரச வேலைகளும் சீவல் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் கிடைத்தன. கள்ளுத் தவறணையைக் குத்தகைக்கு எடுத்த முதலாளியின் பிடியிலிருந்து மரமேறும் தொழிலாளி விடுபட்டது சிறிய மாற்றம் அல்ல, இன்றுவரை நிலைத்திருப்பது. ஆனால் அதே அரசாங்கத்தின் யாப்பையும் தரப்படுத்தலையும் எதிர்க்கும் வாய் அக்கட்சிக்குக் கட்டப்பட்டிருந்தது. 1975 பெப்ரவரி 6இல் காங்கேசன்துறை இடைத்தேர்தலில் தமிழரசுக் கட்சி நிறுவனர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தை எதிர்த்து மொஸ்கோ சார்புக் கட்சியின் வேட்பாளராக நின்ற வி. பொன்னம்பலம், தமது தொகுதியில் பல்லாண்டுகள் ஏழைகளுக்காக உழைத்தவர். தமிழரின் உரிமைகளைத் தம் கட்சிக்குள் ஓயாது வலியுறுத்தியவர். செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள் கிடைக்க அவருக்கு 9,457 கிடைத்தன. கொழும்பு அரசாங்கத்தின் முழுப் பாரத்தையும் தோளில் ஏற்றிக்கொண்டு நின்ற ஒருவர் அத்தனை வாக்குகளைப் பெற்றது, இடதுசாரிகளுக்கு யாழ்ப்பாணத்தில் வேரே இல்லை என்று கூறுவோருக்கு விடையாகும். அந்தப் பாரம் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியும் தவிர்க்க முடியாதது. சில ஆண்டுகளுக்குள் அவர் கட்சியை விட்டு வெளியேறிச் செந்தமிழர் இயக்கத்தைத் தொடங்கினார்.

கட்சிகளிடமிருந்து விலகிய தொழிற்சங்கத்துக்கு முன்மாதிரியாக இலங்கை வர்த்தக ஊழியர் சங்கமே பெரும்பாலும் காட்டப்படுகிறது. 1948 முதல் 2014இல் இறக்கும்வரை அதன் பொதுச் செயலாளராக இருந்த பாலா தம்பு, 1964இல் சமசமாஜக் கட்சி அரசாங்கத்தில் சேர்ந்தபோது சங்கத்தைக் கட்சியின் பிடியிலிருந்து காத்தார். அவரது நேர்மையும் உறுதியும் பரவலாக மதிக்கப்பட்டவை. ஆனால் 1964இல் அவர் கட்சிகளையே துறந்துவிடவில்லை. எட்மண்ட் சமரக்கொடி முதலானோரோடு சேர்ந்து சமசமாஜக் கட்சியின் புரட்சிகரப் பிரிவை அமைத்தார், பின்னர் புரட்சிகர மார்க்சியக் கட்சியை நடத்தினார். சங்கத்தின் முடிவுகளைச் சங்க உறுப்பினரே எடுக்கவேண்டும் என்பதும், அச்சங்கத்தில் உழைப்பவர் ஒரு கட்சியில் இருக்கக்கூடாது என்பதும் வெவ்வேறு கோரிக்கைகள். பாலா தம்பு முதலாவதை வாழ்நாள் முழுதும் காத்தார், இரண்டாவதை ஒருநாளும் ஏற்கவில்லை. அவரைக் கட்சி விலக்குக்குச் சாட்சியாக அழைப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

உலக அனுபவமும் இவ்வாறே. தொழிற்சங்கமே போதும், அதன் பொது வேலைநிறுத்தமே புரட்சி, கட்சி தேவையில்லை என்ற கொள்கை சங்கவாதம் எனப்படும். அதன் புகழ்பெற்ற ஆவணம் பிரான்சின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1906இல் அமியான் நகரில் ஏற்ற சாசனம். எல்லாக் கட்சிகளிடமிருந்தும் சங்கம் சுயாதீனமாக இருக்கும் என்று அது அறிவித்தது. எட்டே ஆண்டுகளில், 1914 ஓகஸ்டில், அதே கூட்டமைப்பின் தலைமை தன் அரசாங்கத்தின் போர் முயற்சிக்குத் துணை நின்றது. கட்சியை விலக்கியதால் அரசின் அழைப்பை எதிர்க்கும் வலு அதற்குக் கிடைத்துவிடவில்லை. 1982 யனவரியில் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர், காங்கிரஸ் சார்புச் சங்கத்தின் துரோகத்தையும் கம்யூனிஸ்ட் சங்கங்களின் தளர்ச்சியையும் கண்டு சலித்து, எந்தக் கட்சியிலும் கட்டுப்படாத வைத்தியர் தத்தா சமந்தின் பின்னால் திரண்டனர். ஓராண்டுக்கும் மேலாக நீடித்த அவ்வேலைநிறுத்தம் முறையாக முடிவுறாமலே கரைந்து, பெருந்தொகையானோர் வேலையிழந்தனர். மாநில அரசையும் மத்திய அரசையும் ஆலை முதலாளிகளையும் ஒருசேர எதிர்கொள்ளவேண்டியிருந்த அப்போராட்டத்துக்குத் தலைவர் ஒருவரின் மீதான பக்தி மட்டுமே கிடைத்தது; பம்பாய்க்கு வெளியே அதனைக் கொண்டுசெல்லக்கூடிய அமைப்பு எதுவும் இருக்கவில்லை.

போர்க்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். ஆயுத இயக்கங்கள் 1980களில் குடாநாட்டின் பொதுவாழ்வைத் தமதாக்கியபோது, இடதுசாரிக் கட்சிகள் மட்டும் ஒடுக்கப்பட்டன, சுயாதீனமான அமைப்புகள் தப்பிப் பிழைத்தன என்று கூற எவராலும் இயலாது. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைத் தொடங்கியோருள் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அவரது அமைப்பின் சுயாதீனம் அவருக்குக் கவசமாகவில்லை. பொதுவெளியையே அழிக்கும் அதிகாரத்தின் முன் கட்சியும் சங்கமும் ஒருங்கே அழிகின்றன.

இவ்வளவும் கடந்த காலத்தோடு நின்றுவிடும் விவாதம் அல்ல. கட்சிகள் எவையும் வேண்டாம் என்று 2022இல் எழுந்த இயக்கம் சனாதிபதி ஒருவரை நாட்டைவிட்டு ஓடச்செய்தது, அது பெருஞ்செயல். ஆனால் அவருக்குப் பின் யார், எந்தத் திட்டத்தோடு என்ற கேள்விக்கு விடை சொல்லும் அமைப்பு அதனிடம் இல்லாததால், விடையைப் பாராளுமன்றமே கூறியது. வெற்றிடம் நெடுநாள் நீடிக்கவில்லை. 2024 நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐப் பெற்று முதலிடத்துக்கு வந்தது. தென்னிலங்கையைத் தளமாகக் கொண்ட கட்சியொன்று இங்கே அவ்வாறு வென்றது இதுவே முதன்முறை. அக்கூட்டணியின் முதுகெலும்பான மக்கள் விடுதலை முன்னணி, 1980 யூலைப் பொது வேலைநிறுத்தத்தில் தன் சங்கங்களைச் சேரவிடாதது. அவ்வேலைநிறுத்தத்தின் பின் சுமார் 40,000 ஊழியர் வேலை இழந்தனர். வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கோரி 2006இல் உயர் நீதிமன்றம் சென்றதும் அக்கட்சியே. இவ்வரலாற்றை அறிந்தும் யாழ்ப்பாணத்து உழைக்கும் மக்கள் அதற்கு வாக்களித்தார்கள் என்றால், தமிழ்க் கட்சிகள் மீதான சலிப்பு ஒரு காரணம், உழைப்பவரின் குரலாகத் தம் மண்ணில் வளர்ந்த வேறு கட்சி வலுவோடு எதிரே இல்லாதது மற்றொரு காரணம்.

ஆசிரியர் சங்கங்கள், மின்சார, துறைமுக ஊழியர் சங்கங்கள் ஆகியவற்றில் ஆளும் கட்சியான தேசிய மக்கள் சக்தியின் ஆதரவாளர் பலர் இருக்கின்றனர். சமசமாஜக் கட்சியின் சங்கத்தவர் 1964இலும் 1970இலும் நின்ற அதே இடத்தில் அவர்கள் இப்போது நிற்கின்றனர்: ஒரு கையில் உறுப்பினரின் கோரிக்கை, மறு கையில் தம் சொந்த அரசாங்கம். கட்சி விலக்குக் கொள்கை அவர்களிடம் கூறக்கூடியது, கட்சியை விட்டு வெளியேறுங்கள் என்பது மட்டுமே. அவர்களில் பெரும்பாலோர் வெளியேறமாட்டார்கள். தம் கட்சியின் அரசாங்கத்துக்கு எதிராகவும் சங்கத்தின் வாக்கெடுப்பே இறுதியானது என்று சங்க யாப்பில் எழுதச் செய்வதும், சங்கத்தின் நிதியைக் கட்சிக்காரரின் கைக்கு அப்பால் வைப்பதும், சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கத்திலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் உள்ள தம் தோழர்களோடு கூலிக்கு அப்பாற்பட்ட கேள்விகளை, காணி விடுவிப்பையும் அரசியல் தீர்வையும் நுண்கடனையும், ஒரே மேசையில் பேசச் செய்வதும் அவர்களிடம் கேட்கத்தக்கவை. அவற்றை அவர்களிடம் கேட்பதற்கு, சுன்னாகத்திலிருந்து அன்று புறப்பட்டவர்களைப் போல, அமைச்சு எதையும் காக்கவேண்டிய தேவையில்லாத ஒரு கட்சி வடக்கில் இருந்தாகவேண்டும்.